தவறான விடைக்குள் என்ன இருக்கிறது? நல்ல ஆசிரியரின் முதல் வேலை

மூன்றாம் வகுப்பில் 53-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்கிறோம். ஒரு பிள்ளை 34 என்று எழுதுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை 36 என்று எழுதுகிறது. சரியான விடை 26. இரண்டு நோட்டிலும் சிவப்பு மையில் ஒரே மாதிரி பெருக்கல் குறி விழுகிறது. இரண்டு பேருக்கும் “பத்துத் தடவை எழுதிக்கிட்டு வா” என்ற ஒரே இம்போசிஷன். ஆனால் இந்த இருவருக்கும் தேவைப்படுவது இரண்டு வெவ்வேறு பாடங்கள்.

34 என்று எழுதிய பிள்ளை ஒன்றுகள் இடத்தில் 3-ஐயும் 7-ஐயும் பார்த்தது. மூன்றில் ஏழு போகாது, ஆகவே ஏழில் மூன்றைக் கழித்து 4 போட்டது. பத்துகள் இடத்தில் 5-இல் 2 போனால் 3. அதற்குக் கடன் வாங்கிக் கழிப்பது என்றால் என்னவென்றே இன்னும் தெரியாது. 36 என்று எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். 13-இல் 7 போக 6 என்று சரியாகப் போட்டது. கடன் கொடுத்த 5 இப்போது 4 ஆகிவிட்டது என்பதை மட்டும் கவனத்தில் வைக்கவில்லை. முதல் பிள்ளைக்கு இடமதிப்பையே மறுபடி கையால் தொட்டுக் காட்ட வேண்டும். இரண்டாம் பிள்ளைக்கு ஐந்து நிமிடப் பேச்சு போதும்.

நல்ல ஆசிரியர் யார் என்று கேட்டால் அன்பானவர், பாடம் தெரிந்தவர், நேரத்துக்கு வருபவர் என்று சொல்வோம். எல்லாம் உண்மைதான். ஆனாலும் பாடத்தை நன்றாகத் தெரிந்த ஒருவரையும் நன்றாகக் கற்றுக்கொடுக்கும் ஒருவரையும் பிரித்துக் காட்டுவது ஒரு திறமை: தவறான விடையைப் பார்த்ததும் அந்தப் பிள்ளையின் மனம் எந்த வழியாகப் போனது என்று கண்டுபிடிப்பது. அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986-இல் இதைத் தனி அறிவு என்றே பிரித்துச் சொன்னார். ஒரு பாடத்தை அறிவது ஒன்று. அந்தப் பாடத்தில் கற்பவர் எங்கே இடறுவார், எந்த உதாரணம் சொன்னால் எழுந்து நிற்பார் என்று அறிவது வேறொன்று. கணிதத்தில் முதுகலை படித்தவருக்கு மூன்றாம் வகுப்புக் கழித்தல் வராமல் இருக்காது, ஆனால் 34 ஏன் வந்தது என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

தமிழுக்கு இது புதிய செய்தி இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூல், பாடம் சொல்லும் முறையை விவரிக்கும்போது ‘கொள்வோன் கொள்வகை அறிந்து’ என்கிறது. கேட்பவன் எந்த வகையில் வாங்கிக்கொள்கிறானோ அதை அறிந்து கொடுக்க வேண்டும். அதே வரிசையில் அவசரப்படாமல், கோபப்படாமல், முகமலர்ச்சியோடு என்றும் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். கோபம் வந்துவிட்டால் பிள்ளை தன் வழியைச் சொல்லாது. சொல்லாவிட்டால் நமக்குத் திருத்த ஒன்றும் கிடைக்காது.

எல்லாத் தவறும் ஒரே தவறு இல்லை

தவறுகளில் மூன்று வகை உண்டு. முதலாவது கைதவறல். தெரியும், ஆனால் அந்த நேரத்தில் வழுக்கிவிட்டது. இரண்டாவது தெரியாமை. பிள்ளை ஒன்றும் எழுதாது, அல்லது பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதும். மூன்றாவதுதான் முக்கியமானது. பிள்ளையிடம் ஒரு விதி இருக்கிறது, அந்த விதி தவறு, ஆனால் அது அந்த விதியை ஒழுங்காக, ஒவ்வொரு தடவையும் தவறாமல் பின்பற்றுகிறது. ஜான் சீலி பிரௌன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், கழித்தலில் பிள்ளைகள் செய்யும் தவறுகளில் பல இப்படி விதிப்படி நடப்பவை என்று காட்டினார்கள். கணினி நிரலில் ஒரு வரி பிசகியிருப்பதைப்போலத்தான் இதுவும் என்றார்கள். விதியைக் கண்டுபிடித்துவிட்டால், அடுத்த கணக்குக்கு அந்தப் பிள்ளை என்ன தவறான விடை எழுதும் என்பதையே முன்கூட்டிச் சொல்ல முடியும்.

எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரே மாதிரியான ஐந்து கணக்கு கொடுத்தால் போதும். ஒன்று மட்டும் தவறினால் கைதவறல். அதற்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை, சரிபார்க்கும் பழக்கம் போதும். மூன்று அல்லது அதற்கு மேல் ஒரே பாணியில் தவறினால் அங்கே ஒரு விதி இருக்கிறது. ஐந்தும் ஐந்து விதமாகத் தவறினால் பிள்ளை குருட்டாம்போக்கில் எழுதுகிறது, ஒரு படி கீழே இறங்கித் தொடங்க வேண்டும்.

இந்தத் தவறான விதிகள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் நம்மிடமிருந்துதான். இரண்டாம் வகுப்பில் “சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது, எப்பவும் பெரிசிலிருந்து சின்னதைக் கழிக்கணும்” என்று சொல்லிக்கொடுத்தோம். பிள்ளை அதை நம்பியது. அடுத்த வகுப்பில் அந்த நம்பிக்கைதான் 34 ஆக வந்து நிற்கிறது. ஆகவே அந்தப் பிள்ளையை மக்கு என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம் என்று பாருங்கள். அது சொன்னதைக் கேட்ட பிள்ளை.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது பாதி வேலை

மேலே 53 − 27 என்று எழுதியது தற்செயல் இல்லை. அதையே 52 − 27 என்று மாற்றிப் பாருங்கள். கடன் வாங்கத் தெரியாத பிள்ளை 7-இல் 2 போக 5, 5-இல் 2 போக 3 என்று 35 எழுதும். கடன் வாங்கிவிட்டுப் பத்துகளைக் குறைக்க மறந்த பிள்ளை 12-இல் 7 போக 5, 5-இல் 2 போக 3 என்று அதே 35-ஐ எழுதும். இரண்டு நோய்க்கும் ஒரே அறிகுறி. விடைத்தாளை எவ்வளவு நேரம் பார்த்தாலும் எது எது என்று தெரியாது. இரண்டு ஒன்றிலக்கங்களின் வித்தியாசம் சரியாக 5 ஆக இருக்கும்போதெல்லாம் இப்படி ஆகும். எனவே சோதித்துப் பார்க்கக் கொடுக்கும் கணக்கில் அந்த வித்தியாசம் 5 ஆக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடுவில் பூஜ்ஜியம் வரும் கணக்கு இன்னும் பேசும். 304 − 128 கொடுத்துப் பாருங்கள். சரியான விடை 176. ஒவ்வொரு இடத்திலும் பெரியதில் சிறியதைக் கழிக்கும் பிள்ளை 224 எழுதும். பூஜ்ஜியத்தை 9 ஆக்கிவிட்டு நூறுகளைக் குறைக்க மறந்த பிள்ளைக்கு 276 வரும். பூஜ்ஜியத்தைத் தாண்டி நேரே 3-இடம் கடன் வாங்கிய பிள்ளை 126 அல்லது 106 எழுதும். “பூஜ்ஜியத்தில் 2 போனால் 2” என்று நினைத்தால் முதலாவது, “பூஜ்ஜியத்தில் என்ன போனாலும் பூஜ்ஜியம்” என்று நினைத்தால் இரண்டாவது. ஒரே கணக்கு, நான்கு தவறான விடைகள், நான்கு வெவ்வேறு வழிகள். இப்படி ஒரு கணக்கைத் தயாரிக்கப் பத்து நிமிடம் ஆகலாம். பாடப்புத்தகத்தின் பயிற்சியில் உள்ள இருபது கணக்கைவிட இது அதிகம் சொல்லும்.

தசமத்திலும் இதே கவனம் வேண்டும். 0.45, 0.3, 0.125 இவற்றில் எது பெரியது? இலக்கங்கள் அதிகமாக இருந்தால் பெரிய எண் என்று நம்பும் பிள்ளை 0.125 என்று சொல்லும். இலக்கம் குறைந்தால் பெரியது என்று நம்பும் பிள்ளை 0.3 என்று சொல்லும். புரிந்த பிள்ளை மட்டும் 0.45 என்று சொல்லும். இதற்குப் பதிலாக 0.4, 0.35, 0.125 என்று கொடுத்திருந்தால் இரண்டாவது பிள்ளை தவறான விதியை வைத்துக்கொண்டே சரியான விடை எழுதி முழு மதிப்பெண் வாங்கிப் போயிருக்கும். சரியான விடை எப்போதும் சரியான புரிதல் ஆகாது. இன்னொன்று, 0.45-ஐ “பூஜ்ஜியம் பாயிண்ட் நாற்பத்தைந்து” என்று வகுப்பில் வாசிக்காதீர்கள். அப்படி வாசித்தால் புள்ளிக்குப் பின்னாலும் முழு எண் இருப்பதாகப் பிள்ளை எடுத்துக்கொள்ளும். “புள்ளி நான்கு ஐந்து” என்று வாசியுங்கள்.

கேட்பது எப்படி

“புரிஞ்சுதா?” என்று கேட்டால் நாற்பது குரல் “புரிஞ்சுது டீச்சர்” என்று பாட்டாகச் சொல்லும். அந்தக் கேள்வியால் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. நோட்டோடு ஒரு பிள்ளையை அருகில் உட்கார வைத்து, இப்படிக் கேட்டால் தெரியும்:

“இதை எப்படிப் போட்டேன்னு எனக்குச் சொல்லு கண்ணு.”

“மூணுல ஏழு போகாது டீச்சர். அதனால ஏழுல மூணு எடுத்தேன்.”

“சரி. உங்கிட்ட பத்து ரூபா நோட்டும் மூணு ரூபா சில்லறையும் இருக்கு, கடைக்காரர் ஏழு ரூபா கேக்கறாரு. என்ன பண்ணுவ?”

“பத்து ரூபாயை மாத்துவேன்.”

கடைசி வரியில் பிள்ளை தானே வழியைச் சொல்லிவிட்டது. இங்கே இரண்டு விஷயம் முக்கியம். முதலாவது, சரியான விடை எழுதிய பிள்ளையிடமும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். தவறினால் மட்டும் “எப்படிப் போட்ட?” என்று கேட்டால், ஒரு வாரத்தில் அந்தக் கேள்வியே ‘நீ தப்பு’ என்பதற்கு மறுபெயர் ஆகிவிடும், கேட்டதும் பிள்ளை அழிக்கத் தொடங்கும். இரண்டாவது, கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து அளந்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடி காத்திருக்கப் பழகியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, “தெரியாது” என்பது குறைந்தது. மூன்று நொடி வகுப்பறையில் மிக நீளமாகத் தோன்றும். மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

ரப்பரை எடுத்து வைத்துவிடச் சொல்வதும் நல்லது. தவறை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதட்டும். அழித்த இடத்தில் நமக்குப் படிக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

திருத்துவது எப்படி

34 எழுதிய பிள்ளைக்கு வேண்டியவை அறுபது ஈர்க்குச்சியும் ஐந்தாறு ரப்பர் பேண்டும். பத்துப் பத்தாகக் கட்டி ஐந்து கட்டும் மூன்று உதிரியும் மேசையில் வைக்கச் சொல்லுங்கள். “இதிலிருந்து இருபத்தேழு குச்சி எனக்குக் கொடு.” பிள்ளை இரண்டு கட்டை எடுத்துக் கொடுக்கும், உதிரி மூன்றையும் கொடுக்கும், பிறகு திகைக்கும். இங்கே வாயைத் திறக்கக் கூடாது. பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே ஒரு கட்டைப் பிரிக்கும். கட்டைப் பிரித்து அதிலிருந்து நான்கு குச்சி கொடுத்ததும் மிச்சம் இரண்டு கட்டு, ஆறு உதிரி. இதன் பிறகுதான் நோட்டில் எழுத வேண்டும். ஒரு கட்டைப் பிரிக்கும்போது 5-ஐ அடித்து 4 என்றும், 3-ஐ அடித்து 13 என்றும் அதே நொடியில் எழுதச் சொல்லுங்கள். குச்சி ஒரு நாள், எழுத்து இன்னொரு நாள் என்று பிரித்தால் இரண்டும் பிள்ளையின் மனதில் ஒட்டாது. குச்சி வைத்துக் கற்பித்தும் பலன் இல்லை என்று சொல்பவர்களின் வகுப்பில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

‘கடன் வாங்குவது’ என்ற சொல்லை விட்டு ‘சில்லறை மாற்றுவது’ என்று சொல்லிப் பாருங்கள். கடன் என்றால் திருப்பித் தர வேண்டும், இங்கே யாரும் எதையும் திருப்பித் தருவதில்லை. மேலும் கடன் வாங்கியவனிடம் சேர்ந்தது தெரிகிறது, கொடுத்தவனிடம் குறைந்தது மறந்துபோகிறது. 36 என்ற விடை அந்த மறதிதான். பத்து ரூபாயைச் சில்லறை மாற்றினால் பத்து ரூபாய் நோட்டு கையில் இருக்காது என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

பின்னக் கூட்டலில் 1/3 + 1/4 = 2/7 என்று எழுதும் பிள்ளையிடம் மேல் எண்ணோடு மேல் எண்ணையும் கீழ் எண்ணோடு கீழ் எண்ணையும் கூட்டக்கூடாது என்று சொல்லிப் பயனில்லை. அது எங்கோ அப்படிக் கூட்டிச் சரியாக வந்ததைப் பார்த்திருக்கிறது. மூன்று மதிப்பெண்ணுக்கு ஒன்றும், நான்கு மதிப்பெண்ணுக்கு ஒன்றும் வாங்கினால் மொத்தம் ஏழுக்கு இரண்டுதானே? அங்கே அந்தக் கூட்டல் சரி. ஆகவே அதன் விதியையே அதன் கையில் கொடுத்து, அரையும் அரையும் கூட்டச் சொல்லுங்கள். 2/4 வரும், அதாவது அரை. “அரைத் தோசையும் அரைத் தோசையும் சேர்ந்தா அரைத் தோசையா?” பிள்ளை சிரிக்கும். தன் விதி உடைவதைத் தானே பார்த்த பிள்ளைதான் புது விதியைத் தேடும்.

தமிழில் எண்ணும் பிள்ளைக்கு வரும் சிக்கல்

இதை எந்த வெளிநாட்டுப் பயிற்சிக் கையேடும் நமக்குச் சொல்லாது. இருபது, முப்பது, நாற்பது, ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது என்று ‘பது’ பிடித்துப் போன வரிசை, அடுத்த படியில் தொண்ணூறு என்று ‘நூறு’க்குத் தாவுகிறது. அதேபோல் இருநூறு, முந்நூறு என்று எண்ணூறு வரை வந்த வரிசை தொள்ளாயிரம் என்று ‘ஆயிரத்து’க்குத் தாவுகிறது. தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறு ஒலிக்கிறது, எண்ணோ நூறைவிடச் சிறியது. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் ஒலிக்கிறது, எண்ணோ ஆயிரத்தைவிடச் சிறியது. தொண்ணூறு என்று கேட்டு 900 எழுதும் பிள்ளையின் காது சரியாகத்தான் வேலை செய்கிறது. சென்னையானாலும் யாழ்ப்பாணமானாலும் இது ஒன்றுதான். எண்பத்தொன்பதுக்கு அடுத்து ஒரு பிள்ளை திணறினால் இந்த இடத்தை நினைவில் வையுங்கள். ‘ஒன்பது பத்து என்றால் தொண்ணூறு’, ‘ஒன்பது நூறு என்றால் தொள்ளாயிரம்’ என்று இரண்டையும் அடுத்தடுத்துக் கட்டுகளோடு சொல்லிப் பழக்க வேண்டும்.

இதனுடன் இன்னொன்று. நூற்றைந்தை 1005 என்றும், இருநூற்று முப்பத்தாறை 20036 என்றும் எழுதும் பிள்ளை கேட்டதைக் கேட்டபடி அடுக்குகிறது: 200, 36. இதற்கு அட்டை வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்று முதல் ஒன்பது வரை 4 செ.மீ. நீளம், பத்து முதல் தொண்ணூறு வரை 8 செ.மீ., நூறு முதல் தொள்ளாயிரம் வரை 12 செ.மீ., ஒவ்வோர் இலக்கத்துக்கும் 4 செ.மீ. இடம். மொத்தம் 27 அட்டை. 200 அட்டையின் மேல் 30 அட்டையை வலது ஓரம் சேர்த்து வைத்தால் பூஜ்ஜியங்கள் மறையும், அதன் மேல் 6-ஐ வைத்தால் 236 தெரியும். அட்டையை விலக்கினால் மறைந்திருந்த பூஜ்ஜியங்கள் மறுபடி வரும். வலது ஓரம் சேர்க்காமல் இடது ஓரம் சேர்த்துவிட்டால் இந்த அட்டையே புதிய குழப்பத்தை உண்டாக்கும். ஆகவே வலது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டுவிடுங்கள்.

நாற்பது பிள்ளைகளுக்கு இது முடியுமா?

நியாயமான கேள்வி. கல்வி உரிமைச் சட்டம் 2009 தொடக்க வகுப்புகளுக்கு முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. முப்பது பேரோடும் தினமும் தனித்தனியாகப் பேச நேரம் கிடையாது, பேசவும் தேவையில்லை. பாடவேளை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரே ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதி, துண்டுச் சீட்டில் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். இடைவேளையில் சீட்டுகளைத் திருத்தாமல், மதிப்பெண் போடாமல், விடைவாரியாகக் குவியல் பிரியுங்கள். 26 ஒரு குவியல், 34 ஒன்று, 36 ஒன்று, மற்றவை ஒன்று. முப்பது சீட்டுக்குப் பத்து நிமிடம் ஆகாது. மறுநாள் பாடத்திட்டம் மேசையிலேயே இருக்கிறது. 34 குவியலில் பாதி வகுப்பு இருந்தால் தவறு கற்பித்ததில் இருக்கிறது, முழு வகுப்புக்கும் மறுபடி தொடங்க வேண்டும். நான்கைந்து பேர் மட்டும் என்றால் அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக் குச்சியை எடுக்கலாம்.

அந்த நேரத்தில் மற்றவர்கள்? ஜோடியாக உட்கார்ந்து தம் வழியை ஒருவருக்கொருவர் விளக்கட்டும். ஆசிரியரிடம் கேட்டு வருவது கால் பங்கு, உடன் படிப்பவரோடு பழகி வருவது கால் பங்கு, பிறருக்கு எடுத்துச் சொல்லி வருவது மீதி அரை என்று நன்னூல் கணக்குப் போடுகிறது. ஜோடி சேர்க்கும்போது முதல் மாணவனையும் கடைசி மாணவனையும் சேர்ப்பதுதான் வழக்கம். அது பெரும்பாலும் ஒருவர் சொல்ல மற்றவர் பார்த்து எழுதுவதில் முடிகிறது. வெவ்வேறு விடை வந்த இருவரை, அதாவது 34-ஐயும் 36-ஐயும் சேர்த்து, யார் சரி என்று குச்சியால் காட்டச் சொன்னால் பேச்சு சூடு பிடிக்கும்.

இந்த வேலைக்கு நம் பள்ளிகளில் வைத்த பெயர்தான் வளரறி மதிப்பீடு. தமிழ்நாட்டில் 2012-13-இல் முப்பருவ முறையோடு எட்டாம் வகுப்பு வரை இது வந்தது, வளரறிக்கு 40, பருவ முடிவில் வைக்கும் தொகுத்தறித் தேர்வுக்கு 60 மதிப்பெண் என்று. நோக்கம் உயர்ந்தது. ஆனால் மதிப்பெண்ணைச் சேர்த்த இடத்தில் அது சறுக்கியது. பிள்ளை எப்படி வளர்கிறது என்று அறிய வேண்டிய செயல்பாடு, பல இடங்களில் சார்ட் ஒட்டிப் பதிவேட்டில் கட்டம் நிரப்பும் வேலையாக மாறியது. மதிப்பெண் போட்ட மறுகணம் பிள்ளையும் பெற்றோரும் அந்த எண்ணை மட்டுமே பார்க்கிறார்கள். ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த பணியில் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. நோட்டில் பெருக்கல் குறிக்குப் பதிலாக, வழி மாறிய வரியில் ஒரு சிறு புள்ளி வையுங்கள். “இந்த 5 இப்ப எவ்வளவு?” என்று ஒரு கேள்வி எழுதுங்கள். அடுத்த பக்கத்துக்குப் போவதற்கு முன் அந்தக் கேள்விக்குப் பிள்ளை பதில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் நாம் எழுதியது வீண்.

திருத்திய அன்றே மறுபடி சோதிக்காதீர்கள். அன்று எல்லாரும் சரியாகத்தான் போடுவார்கள். ஒரு வாரம் கழித்து, வேறு பாடம் நடக்கும் நாளில், முன்னறிவிப்பில்லாமல் 62 − 38 கொடுங்கள். 36 வந்தால் பழைய விதி திரும்பிவிட்டது, குச்சிக் கட்டுக்குப் போக வேண்டும். 34 வந்தால் சில்லறை மாற்றியது நினைவிருக்கிறது, பத்து ரூபாய் நோட்டு குறைந்தது மறந்துவிட்டது. 24 வந்தால் அந்தப் பிள்ளைக்கு 304 − 128-ஐக் கொடுக்கலாம்.